மூன்று விநாடி இடைவெளி

ஜனவரி 20, திங்கள்

பனி. ஆறு மணிக்கு எதிர் வீடு தெரியவில்லை. தென்னை மட்டையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

இன்று நான் சொல்லாதவை:

1. வேலையிடத்தில் கோமதி அக்காவிடம், அடிக்கும் போனை நானே எடுக்கிறேன் என்று.
2. லைன்மேனிடம், அது ரேடியோ கம்பி என்று.
3. காலை 6.52க்கு, "அவர் கூப்பிடுகிறார், எனக்குக் கேட்கிறது" என்று.

மூன்றாவதற்குச் சட்டம் துணை. உரிமம் இல்லாதவர் ஒரு சொல் கூடப் பேசக்கூடாது, கேட்கலாம். எனக்கென்றே எழுதிய மாதிரி ஒரு சட்டம்.

பின்னால் புரட்டினால் எனக்கே விளங்க வேண்டும், அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ரேடியோ போன ஆடியில் வாலாஜாபாத் பழைய சாமான் கடையில் எடுத்தது. பாட்டு கேட்கத்தான். சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனபோது ஒரு நாள் மனிதர்கள் அகப்பட்டார்கள். அமெச்சூர் வானொலிக்காரர்கள். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்குப் பேசுகிறவர்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள். ஒவ்வொருவருக்கும் அரசு கொடுத்த ஓர் அழைப்புக்குறி உண்டு. வி என்றால் விக்டர், யு என்றால் யூனிஃபார்ம் என்று அதன் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சொல்லாகச் சொல்வார்கள்.

தினம் காலை ஆறரைக்குக் கூடுகிறார்கள். நெட் என்று பெயர். நடத்துகிறவர் பாளையங்கோட்டைக்காரர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அவரவர் ஊரில் மழை, காபி, கம்பியின் உயரம், முட்டிவலி. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே ஆரம்பிக்கக்கூடாது. மூன்று விநாடி சும்மா விட வேண்டும். அவசரக்காரர், புதியவர், யாராக இருந்தாலும் அந்த இடைவெளியில் தன் அழைப்புக்குறியைச் சொல்லி உள்ளே வரலாம். பழக்கம்தான், சட்டம் இல்லை. பாளையங்கோட்டைக்காரர் மட்டும் மூன்றை நான்காக விடுவார். "வரணும்னு நெனைக்கிறவங்க வாங்க, விட்டுத் தாரேன்." பிறகு வெறும் இரைச்சல்.

எனக்குத் தெரிந்த எந்தப் பேச்சிலும் இப்படி ஓர் இடத்தை யாரும் காலியாக வைத்ததில்லை.

இன்று அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். மிக மெலிது. விக்டர், யூனிஃபார்ம், த்ரீ, பிறகு இரண்டு எழுத்து புரியவில்லை, கடைசி எழுத்து டேங்கோ. "தென்னேரி, தென்னேரி" என்று இரண்டு தடவை. பாளையங்கோட்டைக்காரருக்குக் கேட்கவில்லை. "யாரும் இல்ல போல" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். தென்னேரி இங்கிருந்து இரண்டு பஸ். பக்கம் என்பதால் எனக்கு மட்டும் வந்திருக்கிறது.

இப்படி நேரும்போது இருவரையும் கேட்கிற ஒருவர் நடுவில் நின்று ரிலே செய்வார். அவர் சொன்னதை இவருக்கு அப்படியே சொல்ல வேண்டும், கூட்டாமல் குறைக்காமல். இன்று இருவரையும் கேட்டவள் நான் ஒருத்திதான். என்னிடம் உரிமம் இல்லை, பேசும் கருவி இல்லை. இரண்டும் இருந்திருந்தாலும் பேசியிருப்பேனா என்பதை இந்த நோட்டில்கூட எழுதத் தயக்கம்.

லைன்மேன் விஷயம். போஸ்ட்டில் ஃபியூஸ் போட வந்தவர், எங்கள் தென்னையிலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் கம்பியைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, கொக்கி போடறீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ரேடியோவுக்கு என்று ஒரு சொல் போதும். 'ரே' என்று வாய் திறந்தது, அங்கேயே நின்றது. வானொலி என்றால் வந்திருக்கும். கரண்ட் ஆபீஸ்காரரிடம் யார் வானொலி என்பார்கள்? அதற்குள் அம்மா, "துணி காயப்போட சார்" என்றாள். இவ்வளவு உயரத்திலா என்று கேட்டதற்கு, கீழே கட்டினால் ஆடு மேய்ந்துவிடுகிறதாம். எங்களிடம் ஆடு இல்லை.


ஜனவரி 21, செவ்வாய்

பனி குறைவு. மாடியில் ஈரப் பெட்ஷீட் இரண்டு, நைனாவின் லுங்கி, என் சுடிதார். எல்லாம் என் கம்பியில். கம்பி தொய்ந்து பக்கத்துத் தகரத்தைத் தொடுகிறது. பாளையங்கோட்டைக்காரரே பாதிதான் வந்தார். தென்னேரிக் குரல் சுத்தமாக இல்லை.

அம்மாவிடம் சண்டை. அவள் நியாயம்: "அந்தாளு மறுபடி வருவான்டி. கொடின்னு சொல்லிட்டு ஒரு துணிகூட இல்லன்னா இன்னா நெனைப்பான்?" சொன்ன பொய்யை ஒழுங்காகப் பராமரிக்கிறாள்.

இ-சேவை மையத்தில் கூட்டம். சாதிச் சான்று 7, வருமானம் 4, பட்டா நகல் 3, பான் கார்டு 1. நாள் முழுக்க மற்றவர்களின் பெயரையும் ஊரையும் தட்டச்சு செய்கிறேன். போன் அடித்தால் கோமதி அக்கா தாவி எடுத்துவிடுவார். மையம் அவருடையது, நான் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீ டைப் பண்ணு கண்ணு, பேசறத நான் பாத்துக்கறேன்." மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறார்.

என் வாக்கியங்களை முடித்து வைக்கிற எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் கோபப்படலாம்.

திக்கல் எந்த எழுத்தில் வரும் என்று சின்ன வயதில் டாக்டர் கேட்டார். எழுத்து என்று ஒன்றும் இல்லை. மாற்ற முடியாத சொல் எதுவோ அங்கே நிற்கும். 'தண்ணீர்' என்ற சொல் வராவிட்டால் 'குடிக்க ஏதாவது' என்று கேட்டுக்கொள்ளலாம். பெயருக்கு என்ன செய்வது? படித்துக்கொண்டிருக்கும் ரஷ்ய நாவலில் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். எனக்கு இருப்பது ஒன்று, அதுவும் வருவதில்லை.

அழைப்புக்குறியும் அப்படித்தான். அரசு கொடுப்பது, மாற்றிச் சொல்ல முடியாது. இந்தியாவில் எல்லோருக்கும் வி.யு. என்றே தொடங்கும். விக்டர், யூனிஃபார்ம். சுற்றுவழியே இல்லை.

என் திட்டம், இதுவரை யாரிடமும் சொல்லாதது: தேர்வில் இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டட் என்றால் பாடம் மட்டும். ஜெனரல் என்றால் மோர்ஸும் தெரிய வேண்டும், நிமிடத்துக்கு எட்டுச் சொல். ஜெனரல் எடுப்பது, புள்ளியும் கோடுமாக மட்டும் பேசுவது, வாயைத் திறக்காமலே உலகம் சுற்றுவது.


ஜனவரி 22, புதன்

துணி இல்லை. 6.41க்கு தென்னேரி. அழைப்புக்குறி, ஊர், இடைவெளி, மறுபடி அழைப்புக்குறி. பதில் இல்லை. கடைசியில் "எல்லாருக்கும் எழுவத்தி மூணு" என்று முடித்தார். எழுபத்து மூன்று என்றால் வாழ்த்துகள். தன்னைக் கேட்காத அத்தனை பேருக்கும் வாழ்த்து சொல்லிவிட்டு அணைத்தார்.

வானொலி நோட்டில் எழுதி வைத்தேன்: தேதி, நேரம், என்ன சொன்னார், தெளிவுக்கு ஓர் எண், பலத்துக்கு ஓர் எண். ரிப்போர்ட் என்பார்கள். கேட்பவர்கள் இப்படிக் குறித்து அனுப்புவது வழக்கம். முழு அழைப்புக்குறி பிடிபடாததால் யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

படித்தது: ஓம் விதி (ஏற்கெனவே தெரியும்). மின்தேக்கி. நாற்பது மீட்டர் அலைக்குப் பாதி இருபது மீட்டர், என் கம்பியும் கிட்டத்தட்ட அவ்வளவு. தெரியாமல் சரியாகச் செய்தது ஒன்று.

உரிமத்துக்குத் தகுதி: பன்னிரண்டு வயது முடிந்திருக்க வேண்டும், தேர்வில் தேற வேண்டும். எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், அந்தக் காலக் குடவோலைத் தேர்தலில் பெயர் எழுதிப் பானையில் ஓலை போடத் தகுதி என்று இதைவிட நீளப் பட்டியல் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வருடா வருடம் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அதன்படி அம்மா, நைனா, நான், எங்கள் காலனி மொத்தமும் பானைக்கு வெளியே.

நல்லெண்ணெய் வாங்க மறந்தேன்.


ஜனவரி 23, வியாழன்

தென்னேரி இல்லை. என் கம்பியில் துணி கிடையாது, காற்றும் இல்லை. ஏன் என்று புரியவில்லை.

இன்று படித்ததில் ஒன்று நாள் முழுக்கக் கூடவே வந்தது. இந்தக் கருவிகளில் பேசும்போது கேட்க முடியாது, கேட்கும்போது பேச முடியாது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் யோசித்துப் பார்த்தால்: பொத்தானில் விரல் இருக்கும்வரை என் வாக்கியத்தை யாரும் முடித்து வைக்க முடியாது. முடித்தாலும் எனக்குக் கேட்காது.

பஸ் நிறுத்தம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அதட்டினார்.


ஜனவரி 24, வெள்ளி

6.47. தென்னேரி. இந்த வாரத்தில் மிகத் தெளிவு இன்றுதான். அப்படியே எழுதுகிறேன்:

"யாருக்கும் போவல போலக்கீது. லைசன்ஸ் வந்து நாலு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கெழமையோட நிறுத்திக்கறேன். செட்ட கழட்டி காயில எடுத்துக்க வேண்டியதுதான். எல்லாருக்கும் எழுவத்தி மூணு."

பாளையங்கோட்டைக்காரர் இரைச்சலுக்கு நான்கு விநாடி மரியாதை கொடுத்துவிட்டு, தேனிக்காரரை அழைத்து மழை உண்டா என்று விசாரித்தார்.

கிணற்றுக்குள் நின்று மேலே பார்க்கிறேன், ஒருவன் எட்டிப் பார்த்து யாரும் இல்லை என்று திரும்புகிறான். அப்படி இருந்தது. ரேடியோவைப் பார்த்து "இருக்கேன்" என்றேன். திக்காமல் வந்தது. தனியாக இருந்தால் எப்போதும் வரும்.

மதியம் பாளையங்கோட்டைக்காரருக்கு மின்னஞ்சல். முகவரியை அவரே நெட்டில் அடிக்கடி சொல்வார். தென்னேரியில் ஒருவர் உங்கள் இடைவெளியில் கூப்பிடுகிறார், உங்களுக்கு எட்டவில்லை, இந்தந்த நாள், இந்தந்த நேரம். மாலை வரை பதில் இல்லை.

கோமதி அக்கா: "இன்னா கண்ணு, மூஞ்சி ஒரு மாரி கீது?" தலைவலி என்றேன்.


ஜனவரி 25, சனி

நெட்டில் என் மின்னஞ்சல் பற்றிப் பேச்சே இல்லை. அவர் பார்க்கவில்லை போல. தென்னேரியும் இல்லை.

சட்டம் வானில் பேசக்கூடாது என்கிறது. பஸ்ஸில் போகக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை.

இதை எட்டு மணிக்கு நினைத்தேன். ஒன்பதுக்கு வேண்டாம் என்று முடிவு. யாரென்று தெரியாது, வீடு தெரியாது, தென்னேரியில் இறங்கி எத்தனை பேரிடம் விசாரிப்பது, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. பதினொன்றுக்கு அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

முன்னே பின்னே தெரியாத ஆம்பளை வீட்டுக்குத் தனியாக அனுப்ப மாட்டாளாம், தானும் வருவாளாம். செங்கல் சூளை வேலையிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வரும் நைனா எதுவும் கேட்கவில்லை. அந்த ஏரி மீன் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னார்.

அம்மா வந்தால் அவள்தான் பேசுவாள். சந்தோஷப்பட்டேன். அப்படிப் பட்டதற்காக வெட்கமும் பட்டேன்.


ஜனவரி 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கொடி. ஆறு மணிக்கே ஒலிபெருக்கி. ரேடியோ முழுக்க அந்த இரைச்சல், நெட் கேட்கவில்லை. எட்டரைக்கு பஸ். பழையசீவரம் பாலம், வாலாஜாபாத், அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்து தென்னேரி. ஏரி நிறைய தண்ணீர். வரப்பெல்லாம் அறுவடை.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்காரரிடம் அம்மா, "காத்தால ரேடியோல பேசறவரு வூடு எது?" என்றாள். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரும் இல்லை என்று மூன்று பேர் சேர்ந்து விளக்கினார்கள். நடந்தோம். இரண்டாவது தெருவில் அம்மா நின்றாள்.

"தோ பாரு. நம்ம வூட்டு கொடி மாரியே கீது."

பனைமரத்திலிருந்து மாடிக்கு ஒரு கம்பி. துணி காயப்போட யாரும் பனைமரத்தில் கட்ட மாட்டார்கள். ஆனால் அதில் ஒரு புடவை, இரண்டு பாவாடை, ஒரு துண்டு தொங்கின. ஈரம் சொட்ட நடுவில் தொய்ந்து சுவரில் உரசிக்கொண்டிருந்தது.

பெயர் ஏழுமலை. முப்பத்தைந்து இருக்கலாம். தண்ணீர் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர். வாசலிலேயே பட்டறை. மேசையில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, மூடி திறந்து, பாதி கழற்றிக் கிடந்தது. கையில் சூடான சால்டரிங் கோல்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "நீ பேசறது எங்க வூட்டு ரேடியோல கேக்குதுப்பா. டெய்லி காலைல."

அவர் முகம் மாறிவிட்டது. "டிவில கோடு வுழுதாம்மா? எதிர் வூட்டுலயும் சொன்னாங்க. இன்னியோட நிறுத்திட்டம்மா. தோ, கழட்டிக்கினே கீறேன். நீங்க எந்தத் தெரு?"

புகார் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"அதெல்லாம் இல்லப்பா. கோடு இல்ல. இது இன்னான்னா..." அம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் வாக்கியத்தின் முடிவு அவளுக்குத் தெரியவில்லை.

பையில் நோட்டு இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். எல்லாம் அதில் இருக்கிறது. கை பைக்குள் போயிற்று, பிறகு வெளியே வந்துவிட்டது. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான்கு மாதம் வாயால் கூப்பிட்டவருக்குக் காகிதத்தில் பதில் சொல்வதா என்று தோன்றியிருக்கலாம்.

'ந' என்று தொடங்கி நின்றது. தாடை பூட்டிக்கொண்டது. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். எல்லோரும் செய்வதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நெட்டில் விடுகிற மாதிரி.

"நல்லா கேக்குது" என்றேன். "திங்கக்கெழமை ஆறு அம்பத்திரெண்டு. தென்னேரின்னு ரெண்டு தபா சொன்னீங்க. புதன் ஆறு நாப்பத்தொண்ணு. வெள்ளிக்கெழமை ஆறு நாப்பத்தேழு, நிறுத்திக்கறேன்னு சொன்னீங்க. ரிப்போர்ட் மூணு, மூணு. வெள்ளிக்கு மட்டும் நாலு, மூணு."

இவ்வளவும் ஒரே மூச்சில் இல்லை. நடுவில் மூன்று இடத்தில் நின்றது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எழுவத்தி மூணு சொன்னது?" என்று கேட்டார். அதுவும் கேட்டது என்றேன்.

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். "அப்ப மெய்யாலுமே போவுதா? செவுத்தாண்ட பேசிக்கினு கீறாருன்னு நான் எங்க அம்மா வூடு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

துணி விஷயத்தை நான்தான் எடுத்தேன். எந்தெந்த நாள் துவைப்பீர்கள்? செவ்வாய், வியாழன், ஞாயிறு. சனிக்கிழமை ஏழுமலை செட்டையே போடவில்லையாம். நோட்டைக் காட்டினேன்: வியாழன் குரல் இல்லை. செவ்வாயும் இல்லை, ஆனால் அன்று எங்கள் வீட்டிலும் துணி, ஆகவே அது யார் பெட்ஷீட்டின் குற்றம் என்று தீர்மானிக்க முடியவில்லை. எதிர் வீட்டார் கேட்டபோது கொடிக்கம்பி என்று சொல்லிவிட்டாராம் ஏழுமலை. அன்றிலிருந்து அவர் மனைவி அதை நம்பி உலர்த்துகிறார். அம்மா சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போனது.

அரை மணியில் துணி எல்லாம் வேலிக்கு வந்தது. ஏழுமலை பனைமேல் ஏறிக் கம்பியை உயரக் கட்டினார். அம்மா அவர் மனைவியிடம், நைலான் கயிறு வாங்கிக் கட்டு, கம்பி துரு பிடித்துத் துணியைக் கெடுக்கும் என்றாள். செவ்வாய்க்கிழமை எங்கள் துணியை அப்படியொரு கம்பியில் போட்டவள்.

கிளம்பும்போது அவர் என் அழைப்புக்குறி என்ன என்று கேட்டார். இன்னும் இல்லை, இப்போதுதான் படிக்கிறேன் என்றேன். "எடுங்க மேடம். செட்டு நான் கட்டித் தரேன், என்னுத மாதிரியே." மேடம் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

ஜிலேபி மீன் ஒரு கிலோ.


ஜனவரி 27, திங்கள்

6.48. இடைவெளி. விக்டர், யூனிஃபார்ம், த்ரீ.

நான்கு விநாடி. பிறகு பாளையங்கோட்டைக்காரர், மெதுவாக: "தென்னேரின்னு கேக்கு. ரொம்ப மெலிசு, ஆனா கேக்கு. நாலு, மூணு. வாங்க, வாங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆறு, ஏழு விநாடி இருக்கும். பிறகு ஏழுமலை தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது, அதுவும் மெலிதாக.

கடைசியில் பாளையங்கோட்டைக்காரர் என் மின்னஞ்சலைப் படித்தார். நேற்றுதான் பார்த்தாராம். "உத்திரமேரூர்ல இருந்து பெனிட்டான்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. இன்னும் உரிமம் எடுக்கல. நமக்குக் காது கேக்காதத அவங்க கேட்டிருக்காங்க. சீக்கிரம் எடுத்துட்டு வாங்கம்மா, எடம் விட்டு வைக்கோம்."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "உன் பேர சொல்றாங்கடி." திருநெல்வேலி வரை என் பெயர் தடையில்லாமல் போய்வந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லோர் வாயிலும் அது எளிதாக இருக்கிறது.

இனி ஒரே ஒரு சாக்குதான் மிச்சம்: உரிமம் இல்லை. அது வந்துவிட்டால்?


ஜனவரி 29, புதன்

லைன்மேன். தெரு விளக்கு மாற்ற வந்தார். நானே போனேன். 'ரே'யில் நின்றது. அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பின்னால் அம்மா மூச்சு விடாமல் நின்றது தெரிந்தது.

"ரேடியோ கம்பி சார் அது."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னாம்மா? ஆடுன்னாங்க, குட்டின்னாங்க." கம்பிக்கும் போஸ்ட்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார். புயல் காற்றில் அறுந்தால் மின்கம்பியில் விழும், அந்தப் பக்கத்துத் தென்னைக்கு மாற்றிக் கட்டச் சொன்னார். நியாயம். மாலையே மாற்றினோம்.


பிப்ரவரி 11, செவ்வாய்

உரிமத் தேர்வுக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் இனிஷியல் பின்னால், டிகிரியில் முன்னால் விரித்து. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு நான் சொல்கிற எச்சரிக்கை. கோமதி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். திருத்தி மறுபடி அனுப்பினேன்.

எதற்கு விண்ணப்பம் என்று அவர் கேட்டார். சொன்னேன். "அதுல பேசணுமேடி?" என்றார். ஆமாம் என்றேன்.

நிலை என்ற கட்டத்தில் ரெஸ்ட்ரிக்டட் போட்டேன். மோர்ஸைப் பிறகு கற்றுக்கொள்வேன், பிடித்திருக்கிறது. ஆனால் ஒளிந்துகொள்ள இல்லை. இதை எழுதிவிட்டு இரண்டு முறை அடிக்கப் பார்த்தேன், அடிக்கவில்லை.


ஏப்ரல் 23, புதன்

சென்னை. வெயில். தேர்வறையில் ஒன்பது பேர், பெண் நான் மட்டும். பெயர் கூப்பிட்டு "இருக்கிறேன்" சொல்லச் சொன்னார்கள். கையைத் தூக்கினேன். பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். சொன்னேன், தாமதமாக. பக்கத்துப் பையன் திரும்பிப் பார்த்தான், பிறகு தன் பென்சிலைச் சீவினான்.

மின்தேக்கிக் கணக்கு ஒன்று தப்பு. அவசர அழைப்பு விதிகள் எல்லாம் சரி. திரும்பும் பஸ்ஸில் தூக்கம்.


ஆகஸ்ட் 21, வியாழன்

உரிமம் வந்தது. என் அழைப்புக்குறியை இங்கே எழுதப்போவதில்லை. நாளை முதலில் வாயால்.

ஏழுமலை கட்டிக் கொடுத்த பெட்டி தயார். அதே டிபன் டப்பா அளவு, அதே குறைந்த சக்தி. கம்பி பக்கத்துத் தென்னையில், உயரத்தில். அம்மா துணிக்கு நைலான் கயிறு வாங்கிவிட்டாள்.

பாத்ரூமில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன். நாற்பதும் வந்தது. அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாது.


ஆகஸ்ட் 22, வெள்ளி

விடிய மழை, ஆறு மணிக்கு நின்றுவிட்டது.

6.44. "வரணும்னு நெனைக்கிறவங்க வாங்க, விட்டுத் தாரேன்." பொத்தானை அழுத்தினேன். விக்டரில் நின்றது. விரலை எடுக்கவில்லை. வந்தது. அழைப்புக்குறி முழுவதும், பெயர், உத்திரமேரூர். விட்டேன்.

பாளையங்கோட்டைக்காரர் தேனிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் இருந்தார். அவருக்கு நான் எட்டவே இல்லை. நான்கு விநாடி விட்டிருக்கிறார், நான் எடுத்துக்கொண்டது பதினொன்று. ஏழுமலை கடிகாரத்தில் பார்த்தாராம், பிறகு சொன்னார்.

அடுத்த இடைவெளியில் ஏழுமலை உள்ளே வந்தார். ரிலே என்றார். என் அழைப்புக்குறியைச் சொன்னார். பெயர் சொன்னார். ஊர் சொன்னார். வேறு எதையும் சேர்க்கவில்லை.

பாளையங்கோட்டைக்காரர் எல்லோரையும் நிறுத்தினார். "உத்திரமேரூர், இன்னொரு தடவ. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, விட்டுத் தாரேன்."

மறுபடி சொன்னேன். மறுபடியும் விக்டரில் நின்றது. ரிப்போர்ட்: மூன்று, மூன்று.

ஒன்பதரைக்கு வேலைக்குப் போனேன். பத்தரைக்கு போன் அடித்தது. கோமதி அக்கா கை நீட்டுவதற்குள் எடுத்தேன். பட்டா நகல் எப்போது கிடைக்கும் என்று ஒரு பெரியவர் கேட்டார். புதன்கிழமை என்றேன்.